மறதிநோய் உள்ளவருக்கு வீட்டில் ஒரு பழைய மூலை

சிங்கப்பூரில், வீட்டில் ஒருவருக்கு முதுமை மறதி என்று தெரிந்ததும் பிள்ளைகள் தேக்காவின் இந்தியக் கடைகளுக்குப் போய் குத்துவிளக்கு, மண்பானை, மாட்டுவண்டிப் படம் என்று வாங்கி வந்து, பழைய காலத்தை நினைவூட்டும் ஒரு மூலையைக் கூடத்தில் அமைக்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் அந்த அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர் என்றால், மாட்டுவண்டி அவருடைய பழைய காலமே இல்லை. எனாமல் கிண்ணமும் நாலடுக்கு டிபன் கேரியரும் கோடாலித் தைல வாசமும்தான் அவருடையவை.

புதிய நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை, மறதிநோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிற்கும். பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் ஆழமாக ஊன்றியிருக்கும். இன்று எண்பதில் இருப்பவருக்கு அது ஏறக்குறைய 1955 முதல் 1975 வரை. கை பழகிய வேலைகளோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை இன்னும் நீண்ட நாள் தங்கும். பேரன் பெயர் மறந்த பிறகும் பூக்கட்டிய கை பூக்கட்டும். அதனால், பார்ப்பதற்கு மட்டும் என்று எதையும் வைக்காதீர்கள். கைக்கு வேலை தரும் பொருளாகத் தேடுங்கள்.

இது மருந்து அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய நினைவுகளைப் பேசவைக்கும் முறை பற்றி 22 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2018இல் வெளிவந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதே அதன் முடிவு. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு, எரிச்சலும் அலைச்சலும் இல்லாத ஓர் அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது.

எதையும் வாங்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஆண்டு பிறந்தார்? பதினைந்து வயதில் எங்கே குடியிருந்தார்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதல் வேலை என்ன, அதில் கையில் எதைப் பிடித்தார்? வேலையிடத்தில் எந்த மொழி பேசினார்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நோய் முற்றும்போது பிறகு கற்ற மொழி முதலில் நழுவுவதும் உண்டு. ஆங்கிலம் போய், தமிழும் சந்தை மலாயும் மட்டும் மிஞ்சியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தோனேசியப் பணிப்பெண் "சுடா மாக்கான், தாத்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேட்டால், பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு வாய் திறக்காதவர்கூட பதில் சொல்லலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? ஒன்றரை மீட்டர் சதுரம் போதும். கைப்பிடியுள்ள நாற்காலி, உட்காரும் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எதிரே ஆள் நடமாட்டம். மேசைமேல் நாலைந்து பொருள்களுக்கு மேல் வேண்டாம். அருங்காட்சியகம் போல அடுக்கினால் எதிலும் கண் நிற்காது.

வெளிச்சத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய வீடு மாதிரி இருக்கட்டும் என்று மங்கலான மஞ்சள் பல்பு போடுகிறார்கள். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. மங்கல் ஒளியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும், நிழல் பள்ளமாகத் தெரியும். விளக்கு பிரகாசமாக, கண் கூசாமல் இருக்க வேண்டும். பூப்போட்ட பழைய ஓடு போன்ற தரை ஒட்டிகளும் வேண்டாம்: கறுப்புக் கட்டங்களைக் குழி என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள், விழுவார்கள். பழைய நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். தன் வயதான முகம் அடையாளம் தெரியாமல், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாகப் பயப்படுவார்கள்.

வால்வு ரேடியோ கிடைத்தால் மின்சாரத்தில் செருகவே செருகாதீர்கள். உள்ளே ஒயரின் உறை பொடிந்திருக்கும், மின்தேக்கிகள் கெட்டிருக்கும்; நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒயரை வெட்டி, உள்ளிருப்பதைக் கழற்றிவிட்டு, மின்னேற்றும் சிறிய புளூடூத் ஒலிபெருக்கியை வையுங்கள். பாட்டு, அவர் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டு போதும். அப்போது தொலைக்காட்சி ஓடக் கூடாது. இரண்டு சத்தங்களைப் பிரித்துக் கேட்க அவரால் முடியாது.

படங்களை ஏ4 அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். ஒரு படத்தில் ஒன்றிரண்டு முகங்கள், கீழே கெட்டியான கறுப்பு எழுத்தில் தமிழில் பெயர். பிள்ளைகளின் இன்றைய படத்தைவிடச் சிறுவயதுப் படம் எளிதில் அடையாளம் தெரியும். மாலை போட்ட படங்கள் சாமி மேடையோடு இருக்கட்டும். அம்மா இறந்ததே நினைவில் இல்லாதவருக்கு அந்த மாலை ஒவ்வொரு நாளும் புதுத் துக்கம். "அம்மா எங்கே?" என்று கேட்டால் இறப்புச் செய்தியைத் திரும்பச் சொல்லாமல், "அம்மா கையால என்ன சமையல் உங்களுக்குப் பிடிக்கும், பாட்டி?" என்று கேளுங்கள்.

இனி கைவேலை. சமையற்கட்டில் வாழ்ந்தவருக்கு டிபன் கேரியரைப் பிரித்து அடுக்குவது, கைலி மடிப்பது, மல்லிகைச் சரம் கட்டுவது. அம்மிக்கல் கனம், காலில் விழும். சிறிய இடிகல்லும் கொஞ்சம் மிளகும் போதும். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு 30க்கு 40 சென்டிமீட்டர் பலகையில் எம்16 (16 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுகள் ஆறைப் பதித்து, நட்டும் ஸ்பேனரும் கொடுங்கள். நட்டு பெரிதாக இருந்தால் நடுங்கும் விரலிலும் நிற்கும். கடை வைத்திருந்தவருக்கு டாச்சிங் என்ற கைக்கோல் தராசும் அரிசிப் பையும். செய்து காட்டுங்கள், திருத்தாதீர்கள். எதையும் வாயில் போடும் கட்டம் வந்துவிட்டால் மொச்சை, புளியங்கொட்டை, நாணயம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நாணயங்களை இறுகத் திருகிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம். 1961 வரை அடித்த மலாயாவின் சதுர ஒரு காசைப் பார்த்ததும் அவர் வாய் பேசாவிட்டாலும் விரல் அதைத்தான் தேடும்.

பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய சேலையில் அந்துருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். மிட்டாய் என்று விழுங்கிவிடுவார்கள், அது நஞ்சு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு ரத்த அணுக்களையே உடைக்கும். தைலத்தைப் புட்டியோடு வைக்காமல் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டுங்கள். முகரும் சக்தியும் ஆரம்பத்திலேயே குறைவதால் வாசனையை மட்டும் நம்ப வேண்டாம். சாப்பாட்டுக்குச் சற்று முன் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பது தைலத்தைவிட உதவும்.

நேரம் காலைப் பசியாறிய பிறகு, இருபது முதல் முப்பது நிமிடம். சாயங்காலம் வேண்டாம், பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடும், அப்போது பழைய பொருள்கள் "வீட்டுக்குப் போகணும்" என்ற பரபரப்பைக் கிளப்பிவிடும். துணி மூட்டை கட்டத் தொடங்கினால் மூலையைக் கலைத்துவிட்டு, தேநீர் கொடுத்து, வேறு அறைக்கு அழைத்துப் போங்கள். இங்கே வருடம் முழுக்க ஏழு மணியளவில் இருட்டிவிடுவதால் ஆறுக்கே விளக்குகளைப் போட்டுவிடுங்கள்.

பழையது எல்லாம் இனியதும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளையாக இருந்தவருக்கு மரவள்ளிக்கிழங்கு பசியின் ருசி. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தகப்பனைப் பறிகொடுத்தவருக்கு ரயில் படம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். பிப்ரவரி 15 மாலை 6.20க்கு, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்ததன் நினைவாக ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு, சாயங்காலக் குழப்ப நேரத்திலேயே வருகிறது. ஐந்து நிமிடம் முன்பே சன்னலைச் சாத்தி, பாட்டுப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

வெளியே கூட்டிப்போக முடிந்தால், தேசிய அரும்பொருளகத்தில் 2023இல் திறந்த ரீயூனியன் என்ற முதியோருக்கான இடம் மறதிநோய் உள்ளவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலையை மாற்றுங்கள். பெயர் எழுதிய படங்கள் முதலில் பயனற்றுப் போகும், பிறகு ஸ்பேனர், பிறகு டிபன் கேரியர். கடைசியில் பாட்டும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு பருத்திச் சேலையும் மிஞ்சும். ஜரிகை இல்லாததாகப் பாருங்கள், தோலைக் கீறும். நூல் பிரிந்திருந்தால் வெட்டி ஓரம் அடித்துக் கொடுங்கள், விரல் அந்த ஓரத்தைத்தான் தேடிப் பிடிக்கும்.