கிட்டல் பெயரில் கிடந்த பர்செல்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத புத்தகம் புதிதல்ல. ஆனால் எங்கள் இயற்பியல் பேராசிரியை கேட்டது சற்று விநோதம்: எட்வர்ட் பர்செல் எழுதிய மின்னியல், காந்தவியல் பாடநூல் வேண்டும், அதிலும் பழைய பதிப்புதான் வேண்டும்.

2013இல் வந்த மூன்றாம் பதிப்பு அலமாரியிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன்; அவர் கையில்கூட வாங்கவில்லை. 1965இல் வந்த முதல் பதிப்பு காஸியன் அலகுகளில் எழுதப்பட்டது. அந்த முறையில் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் ஒரே அலகு. நகரும் மின்னூட்டங்களைச் சார்பியல் கண்கொண்டு பார்த்தால் காந்தவிசை தானாக வந்து நிற்கும் என்று காட்டுகிறார் பர்செல். இரு புலங்களும் ஒன்றின் இரு முகங்கள் என்பது பழைய பதிப்பில்தான் பளிச்சென்று தெரியும் என்பது பேராசிரியையின் கட்சி. மூன்றாம் பதிப்பு, இன்று உலகெங்கும் பொதுவாக வழங்கும் எஸ்.ஐ. அலகுகளுக்கு மாறிவிட்டது. ஆய்வகத்துக்கு அதுதானே வசதி என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நுழைவுத்தேர்வு வினாவிடைகளே குவிந்திருந்தன. பிறகு பழைய கல்லூரி நூலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லோரும் பட்டியலைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார்கள். நூலகரின் "இல்லை"யை இன்னொரு நூலகர் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் மின்னியலுக்கு 537, காந்தவியலுக்கு 538. அதே வேலைக்கு நூலகவியலர் ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பிலும் இரண்டுக்கும் தனித்தனி எண்கள். இரண்டையும் தலைப்பில் சுமக்கும் நூல் எந்த அலமாரிக்குப் போயிருக்கும்? போதாக்குறைக்கு, இது பெர்க்லி இயற்பியல் வரிசையின் ஐந்து தொகுதிகளில் இரண்டாவது. முதல் தொகுதியான இயக்கவியலை எழுதியவர்களில் முதல் பெயர் சார்லஸ் கிட்டல். ஐந்தையும் மொத்தமாக வாங்கிய யாரோ, கிட்டல் பெயரில் ஒரே பதிவாக எழுதி, பொது இயற்பியலான 530இல் வைத்திருக்கலாம் அல்லவா?

மறுபடியும் பேசினேன். இம்முறை பர்செலைப் பற்றி மூச்சே விடவில்லை. "கிட்டல் இருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டேன். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்து தொகுதிகளும் இருந்தன, ஒரே பதிவில்.

இரவலாக வந்த புத்தகத்தில் அலகுகளைச் சரிபார்த்த பிறகுதான் பேராசிரியை கையெழுத்திட்டார். திருப்பி அனுப்பும்போது, பர்செல் பெயரிலும் தனிப் பதிவு போட்டுவிடுங்கள் என்று அந்த நூலகரிடம் கேட்டுக்கொண்டேன்.

"போட்டால் எல்லோரும் கேட்பார்களே, மேடம்" என்றார்.