ஸ்கைரிமைத் துடைத்துப் போட்டு மொட் ஏற்றுகிறேன்

புது எஸ்எஸ்டி வந்த கையோடு ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமை அடியிலிருந்து போட்டு, மொட்களை, அதாவது கேமை மாற்ற மற்றவர்கள் செய்து தரும் சேர்க்கைகளை, ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கேமை வாங்கி இறக்குகிற ஸ்டீமில் அன்இன்ஸ்டோல் கொடுத்தால் கேம் முழுக்கப் போய்விடும் என்று கனபேர் நினைக்கிறார்கள். போகாது. ஸ்டீம் தான் கொண்டுவந்து வைத்த பைல்களைத்தான் எடுக்கும். டேட்டா போல்டருக்குள் எப்போதோ நேரே கொட்டின மொட், ஸ்கிரிப்ட், டிஎல்எல் எல்லாம் அப்படியே கிடக்கும். திரும்பப் போடும்போது புதுக் கேம் அந்தக் குப்பைக்கு மேலேயே வந்து குந்தும். அதனால் கேம் போல்டரைக் கையாலேயே அழித்தேன். டொக்கியுமென்ட்ஸில் மை கேம்ஸுக்குள் இருந்த பழைய ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) பைல்களையும் அழித்தேன். சேவ்களை மட்டும் எக்ஸ்டேர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன், பிற்பாடு பார்க்க ஆசை வந்தால் இருக்கட்டும்.

ஸ்டீம் வழக்கமாகப் போய் இருக்கிற புரோகிராம் பைல்ஸுக்குள் இந்த முறை வைக்கவில்லை. அதற்குள் வேறு புரோகிராம் எழுதப் போனால் விண்டோஸ் மறிக்கும். டி டிரைவில் போட்டு, லோஞ்சரை ஒருக்கால் திறந்து மூடினேன், புது ஐஎன்ஐ அப்போதுதான் உருவாகும். பிறகு மொட் ஒன்றும் இல்லாமலே கேம் தொடங்குகிற ஹெல்கனிலிருந்து ரிவர்வுட் ஊர் வரை நடந்தேன். இந்த நடை முக்கியம். வெறுங் கேமே விழுந்தால் குற்றம் கிராபிக்ஸ் கார்டிலோ டிரைவரிலோ என்று தெரியும், மொட்டைப் பிடித்து ஏசத் தேவையில்லை.

அடுத்தது வேர்ஷனைப் பூட்டுவது. 2023 டிசம்பரில் வந்த அப்டேட்டோடு கனபேருடைய மொட் அடுக்கு ஒரே இரவில் விழுந்தது, ஏனென்றால் பல மொட்களுக்கு அடிப்படையான எஸ்கேஎஸ்இ என்கிற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் கேமின் வேர்ஷனோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். என்னுடையது 1.6.1170. ஸ்டீமில் ‘தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று மாற்றிவைத்துவிட்டேன். இனி ஸ்டீமின் பிளே பட்டனைத் தொடுவதில்லை, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகத்தான். அது சரியாக ஏறியதா என்று பார்க்க, கேமுக்குள் கட்டளை அடிக்கிற கொன்சோலைத் திறந்து ‘கெட்எஸ்கேஎஸ்இவேர்ஷன்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் எண் காட்டும்.

மொட் வைக்க மொட் ஓர்கனைசர் 2. என் கணக்கில் எந்த மொட்டையும் விட இதுதான் பெறுமதி. ஒவ்வொரு மொட்டையும் தனித்தனிப் போல்டரில் வைத்து, கேம் ஓடும் நேரத்தில் மட்டும் எல்லாம் டேட்டா போல்டருக்குள் இருப்பதுபோலக் கேமை நம்பவைக்கும். உண்மையான டேட்டா போல்டரில் ஒரு தூசும் விழாது. பிடிக்காவிட்டால் டிக்கை எடுத்தால் முடிந்தது.

மொட் இறக்கும் நெக்ஸஸ் தளத்தில் பல மொட்டை ஒன்றாகக் கட்டிவைத்த ‘கலெக்ஷன்’களும் உண்டு. சித்தியின் மகன் வந்து எட்டிப் பார்த்தான். “அண்ணை, கலெக்ஷன் ஒண்டை அமுக்கிவிட்டா எல்லாம் தானா வருமே, ஏன் உப்பிடி ஒண்டொண்டா இருந்து பாக்கிறியள்?”

“காசு கட்டாத ஆக்களுக்குத் தானா வராது தம்பி, ஒவ்வொண்டுக்கும் அமுக்கத்தான் வேணும். அமுக்கிறதுதான் அமுக்கிறம், என்னத்தைப் போடுறம் எண்டு பாத்து அமுக்குவம்.”

கொக்குவிலில் எங்கள் வீட்டு டேட்டா பக்கேஜில் பகலுக்குக் கிடைப்பது கொஞ்சம், நடுச்சாமத்துக்குப் பிறகுதான் தாராளம். பொருட்களுக்கு மேல் போர்த்தும் படங்களான பெரிய டெக்ஸ்சர்களை இரவுக்கு ஒதுக்கி, இறங்கின ஸிப்களை அழிக்காமல் எக்ஸ்டேர்னலில் ஒரு பிரதி வைக்கிறேன். அடுத்த முறை துடைக்க வேண்டி வந்தாலும் டேட்டா போகாது.

ஏற்றுவது சிறு சிறு கட்டாக. முதலில் எஸ்கேஎஸ்இ மொட்களுக்குத் தேவையான அட்ரஸ் லைப்ரரி, ஸ்கைரிமின் பழைய பிழைகளைத் திருத்தும் அன்ஒபிஷியல் பட்ச், மெனுக்களை மாற்றும் ஸ்கையுஐ, கேம் விழுந்தால் விபரம் எழுதிவைக்கும் கிராஷ் லொக்கர். ஒரு கட்டு ஏறினதும் பிளகின்களை, அதாவது மொட்டின் மாற்றங்கள் எழுதியிருக்கும் பைல்களை, வரிசைப்படுத்தும் லூட்டை ஓட்டி வரிசையைப் பார்த்து, மெயின் மெனுவிலிருந்தே கொன்சோலில் ‘சிஓசி ரிவர்வுட்’ அடித்து ஊருக்குள் இறங்கி ஒரு சுற்று. பழைய கேம் வேர்ஷன் 1.5.97க்கு எழுதின டிஎல்எல் ஒன்று இடையில் வந்து ஏறியிருந்தது. எஸ்கேஎஸ்இ தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லி, பொருந்தாது என்று நிறுத்திவிட்டது.

சுவாரசியமான சிக்கல் கமிலாவிடம் வந்தது. ரிவர்வுட் கடைக்காரனின் தங்கச்சி. உடம்பு சரி, கழுத்துக்கு மேலே சாம்பல் பூசினதுபோல் கறுத்த முகம். கேம் விழவில்லை, கிராஷ் லொக் இல்லை. காரணம் என்னவென்றால், ஒரு பாத்திரத்தின் முகம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தலை எப்படி அமைந்தது என்ற விபரம் பிளகினுக்குள், செதுக்கி வைத்த தலையும் அதன் நிறமும் பேஸ்ஜென் பைல்களில். இரண்டு மொட் ஒரே ஆளைத் தொட்டு, பிளகினில் ஒன்று வென்று பைலில் மற்றது வென்றால் இரண்டும் ஒத்துப்போகாது, முகம் கறுக்கும். மொட் ஓர்கனைசரில் இடப்பக்கப் பட்டியல் பைல்களுக்கு, வலப்பக்கப் பட்டியல் பிளகின்களுக்கு. இடப்பக்கத்தில் மின்னல் குறியைப் பார்த்தால் யார் யாரை மேவுகிறார்கள் என்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மொட் கடைசியில் வரும்படி இழுத்துவைத்தேன், முகம் வெளுத்தது. லூட் இதைப் பிடிக்காது. அது பிளகின் வரிசையைத்தான் பார்க்கும், இரண்டு மொட் ஒரே ஆளைத் திருத்தினால் யார் பக்கம் நிற்பது என்பது எங்கள் வேலை. பிளகினைத் திறந்து நுணுக்கமாகப் பார்க்க எஸ்எஸ்இஎடிட் இருக்கிறது.

எண்ணிக்கையில் பயமில்லை. முழுப் பிளகின் 254 வரை, லைட் என்று குறித்தவை 4096 வரை ஏறும். ஆனால் விளையாட்டின் நடுவில் ஒன்றை லைட்டாக மாற்றினால் அதற்குள்ளிருக்கும் பொருட்களின் எண்கள் மாறி, சேவ் குழம்பும். ஸ்கிரிப்ட் உள்ள மொட்டை நடுவில் கழற்றுவதும் அப்படித்தான், அதன் மிச்சம் சேவுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே இதுவரை ஒரு உண்மையான கேமும் தொடங்கவில்லை, எல்லாம் சோதனைச் சேவ்கள்.

மிச்சம் இருப்பது மரமும் மலையும். தம்பி 4கே டெக்ஸ்சர் போட்ட மரம் வேண்டும் என்று நிற்கிறான். என் கார்டின் 4 ஜிபிக்கு 2கேயே கூட. தூரக் காட்சியைக் கட்டுகிற டின்டிஓலொட் எல்லாவற்றுக்கும் பிறகுதான், அது ஏற்றிய மரம், மலை, வீடு எல்லாவற்றையும் படித்துத்தான் தூரத்து உருவங்களை உருவாக்கும். அதற்குப் பிறகு ஒரு மரத்தை மாற்றினாலும் திரும்ப ஓட்ட வேண்டும். ஆகவே தம்பியோடு மரச் சண்டையை முதலில் முடிக்க வேண்டும்.