‘ஹய்யுல் கய்யூம்’ லத்தீனுக்குப் போன வழி

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களைப் பற்றி 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கையின் மூன்றாம் பிரிவு முஸ்லிம்களைப் பற்றியது. அவர்கள் வணங்கும் ஒரே கடவுளைச் சொல்லும்போது முதலில் வரும் இரண்டு சொற்கள் ‘விவெந்தெம் எத் சுப்சிஸ்தெந்தெம்’: வாழ்பவர், நிலைத்திருப்பவர். ஆயத்துல் குர்ஸி எனும் குர்ஆன் வசனத்தை (2:255) மனப்பாடமாக ஓதும் எவருக்கும் அந்த ஓசை உடனே பிடிபடும். ‘அல்-ஹய்யுல் கய்யூம்’. குர்ஆனில் இந்த இணை 2:255, 3:2, 20:111 என மூன்று இடங்களில் வருகிறது.

இந்தப் பிரிவின் வரைவில் உழைத்த சிலரில் ஒருவர் எகிப்தியத் துறவி ஜார்ஜ் ஷஹாத்தா அனவாத்தி. ராபர்ட் கஸ்பார், ழான் கோர்போன், ஜோசப் குவோக் ஆகியோரும் உடன் இருந்தார்கள். கிறிஸ்தவ – முஸ்லிம் உரையாடல் என்றாலே மேடையும் பொன்னாடையும் நினைவுக்கு வரும் நமக்கு, அனவாத்தியின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. அவருடைய உரையாடல் முழுக்க ஏட்டின் மேல் நின்றது.

அலெக்சாந்திரியாவில் 1905-ல் பிறந்தார். சிரியாவிலிருந்து வந்து குடியேறிய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குடும்பம். அரபியில் பெயரின் முதலெழுத்து ‘காஃப்’. எழுத்தில் ‘கனவாத்தி’, எகிப்தியர் வாயில் ‘அனவாத்தி’. இளமையில் கத்தோலிக்கரானார். பெய்ரூத்தில் மருந்தாளுமையும் லியோனில் வேதிப் பொறியியலும் படித்து, ஊர் திரும்பி மருந்துத் தொழில் செய்தவர், 1934-ல் அதை விட்டுத் தொமினிக்கன் சபையில் (நம் ஊர்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்பார்கள்) சேர்ந்தார். 1941 முதல் 1944 வரை அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் அரபியும் இஸ்லாமியக் கல்வியும் படித்தார். அங்கே தொடங்கும்போது வயது 36. அரபி தாய்மொழியாக இருந்தும் ஏன் இத்தனை ஆண்டுகள்? வீட்டு அரபி வேறு, இல்முல் கலாமின், அதாவது வாதத்தால் கொள்கையை நிறுவும் இஸ்லாமிய இறையியலின், அரபி வேறு. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்தான் இந்தத் துறையில் முதலில் தடுக்கி விழுகிறார்.

எடுத்துக்காட்டாக ‘ஜவ்ஹர்’ என்ற சொல். கடவுள் ஒரே ‘ஜவ்ஹர்’, மூன்று ‘உக்னூம்’ (தந்தை, மகன், தூய ஆவி) என்று அரபுக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் கருதிய பொருள் ‘தன்னில் தானாக நிற்கும் உள்பொருள்’. கலாம் அறிஞருக்கோ ஜவ்ஹர் என்றால் இடத்தை அடைத்துக்கொள்ளும் துகள். நிறம், அசைவு போன்ற ‘அரழ்’களைத் தாங்கி நிற்பது. கடவுள் ஜவ்ஹர் என்று கேட்டதும், படைத்தவனைப் படைப்போடு சேர்த்துவிட்டார்கள் என்றே அவர் எடுத்துக்கொள்வார். 1013-ல் மறைந்த கலாம் அறிஞர் பாகில்லானி தம் ‘தம்ஹீத்’ நூலில் கிறிஸ்தவர்களோடு இந்தச் சொல்லை வைத்தே வாதாடுகிறார். ‘உக்னூம்’ நிலைமை இன்னும் மோசம். அது சுரியானியிலிருந்து வந்த சொல், கலாமின் சொற்கிடங்கில் அதற்கு இடமே இல்லை. எதிரில் இருப்பவர் அதை ‘ஸிஃபத்து’ (இறைவனின் பண்பு) என்று புரிந்துகொண்டால் ‘மூன்று மட்டும் ஏன்?’ என்று கேட்பார். ‘தனி ஆள்’ என்று புரிந்துகொண்டால் மூன்று கடவுள் என்பார். இரண்டு தரப்பும் நேர்மையாகவே பேசியிருக்கும், ஆனால் ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்காது.

அனவாத்தி பிரெஞ்சு அறிஞர் லூயி கார்தேயோடு சேர்ந்து 1948-ல் பாரிஸில் வெளியிட்ட ‘முஸ்லிம் இறையியலுக்கு ஓர் அறிமுகம்’ இங்கேதான் கை வைக்கிறது. கொள்கைகளை எதிரெதிரே நிறுத்தும் முன், ஒரு கலாம் நூல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அது பார்க்கிறது. இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் பொருளடக்கமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஈஜியின் ‘மவாகிஃப்’ நூலை எடுங்கள். பதினான்காம் நூற்றாண்டு, ஜுர்ஜானியின் உரையோடு இன்றும் ஓதப்படுகிறது. அதில் ஆறு பிரிவுகள். முதலாவது அறிவு என்றால் என்ன என்பது, இரண்டாவது உள்ளமை பற்றிய பொது விஷயங்கள், மூன்றாவது அரழ், நான்காவது ஜவ்ஹர். ஐந்தாவதில்தான் ‘இலாஹிய்யாத்’, அதாவது இறைவனைப் பற்றிய பேச்சு. ஆறாவது ‘ஸம்இய்யாத்’: நபித்துவம், மறுமை, ஈமான் (நம்பிக்கை), இமாமத் (சமூகத் தலைமை) என்று வஹீயின் (இறைச்செய்தியின்) வழியாகக் கேட்டு அறிபவை. ஆறில் நான்கு முடிந்த பிறகே இறைவனைப் பற்றி வாய் திறக்கிறது.

அக்குவினா தோமாவின் பெரிய இறையியல் தொகுப்பு அப்படி இல்லை. இரண்டாம் கேள்வியிலேயே கடவுள் உண்டா என்று தொடங்கிவிடுகிறது. அதன் மிகப் பெரிய பகுதியான இரண்டாம் பாகமோ மனிதச் செயல், நற்பண்பு, பாவம், அருள் ஆகியவற்றுக்கானது. மவாகிஃபில் அதற்கு இணையான பகுதியைத் தேடினால் கிடைக்காது. அதை வைத்து ‘இஸ்லாமிய இறையியலில் ஒழுக்கவியல் இல்லை’ என்று முடிவு கட்டுவது பெரும் பிழை, பலர் செய்த பிழையும்கூட. அந்தச் சரக்கு ஃபிக்ஹ் எனும் சட்டவியலிலும் தஸவ்வுஃப் எனும் சூஃபி நெறியிலும் இருக்கிறது. கலாமுக்கு ஈஜி கொடுக்கும் வரையறையே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது: ஆதாரங்களைக் கொண்டு கொள்கையை நிறுவவும் ஐயங்களை விலக்கவும் ஆற்றல் தரும் கல்வி அது. ஒரு காவற்கலையை எடுத்து, அதுவே வீடு முழுவதும் என்று அளந்தால் அளவு தப்பத்தான் செய்யும். கார்தேயும் அனவாத்தியும் கலாமோடு நிறுத்திக்கொள்ளாமல் 1961-ல் முஸ்லிம் ஆன்மிகம் பற்றித் தனி நூல் எழுதியதை இந்தக் கோணத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கலாம் படிக்க விரும்பும் கிறிஸ்தவ மாணவர் யாராக இருந்தாலும் மவாகிஃபில் தொடங்க வேண்டாம். பதினைந்தாம் நூற்றாண்டு சனூசியின் சிறிய அகீதாவில் (கொள்கைச் சுருக்கம்) தொடங்குங்கள், சில பக்கங்கள்தான். இறைவனுக்கு இருந்தே ஆக வேண்டிய ஸிஃபத்துகள் 20. அவற்றின் பங்கீடு 1, 5, 7, 7. உள்ளமை ஒன்று, இன்னது இல்லை என்று மறுத்துச் சொல்பவை ஐந்து, ஆற்றல், நாட்டம், அறிவு, உயிர், கேள்வி, பார்வை, பேச்சு என ஏழு, அந்த ஏழிலிருந்து பிறக்கும் நிலைகள் ஏழு. இதை மனப்பாடம் செய்தபின் நோஸ்த்ரா ஏத்தாத்தேயைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உயிரோடிருத்தலும், தன்னில் தானே நிலைத்தலும், பேச்சும் அந்த இருபதில் இருக்கின்றன.

1944-ல் கெய்ரோ திரும்பிய அனவாத்தி, ஜாக் ஜோமியே, செர்ஜ் தெ போர்குய் ஆகியோருடன் அப்பாசியா மடத்தில் நூலகம் ஒன்றை வளர்த்தார். 1953-ல் அது தொமினிக்கன் கீழைத்தேய ஆய்வு நிறுவனமானது, மறு ஆண்டு ஆய்விதழும் வந்தது. மதமாற்றம் நோக்கம் இல்லை என்பது தொடக்கத்திலேயே வகுத்த எல்லை. ஜோமியே தற்கால குர்ஆன் விரிவுரையை எடுத்துக்கொண்டார். போர்குய் ஹெராத்தின் சூஃபி அன்ஸாரியை எடுத்துக்கொண்டு பிற்பாடு காபூலுக்கே போய்விட்டார். அனவாத்திக்கு மெய்யியலாளரும் மருத்துவருமான இப்னு சீனா.

இப்னு சீனா ஹிஜ்ரி 370-ல் பிறந்தவர். ஆகவே ஹிஜ்ரி 1370-ல், அதாவது 1950–51-ல், ஆயிரமாவது ஆண்டு. அதற்காக அரபு லீக்கின் சார்பில் அனவாத்தி இஸ்தான்புல் நூலகங்களில் சுவடிகளைப் பார்த்து, 1950-ல் வெளியிட்ட நூற்பட்டியலில் 276 தலைப்புகள் உள்ளன. இந்த வேலையில் சறுக்கல் எங்கே வரும் என்றால், தலைப்பில்தான். ரிஸாலா எனும் சிறு நூல்களுக்குப் பெரும்பாலும் எழுதியவர் பெயரிடுவதில்லை. படியெடுத்தவர் தமக்குத் தோன்றியதைப் போடுவார். ஒரே ரிஸாலா மூன்று பெயரில் மூன்று நூலகத்தில் இருக்கும், வேறு யாரோ எழுதியது இப்னு சீனா பெயரில் கட்டுக்குள் கிடக்கும். அதனால் தலைப்பை நம்பாமல் முதல் வரி, கடைசி வரி, ஏட்டின் எண், படியெடுத்தவர் பெயர், தேதி என்று குறித்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பின்னர் 1954-ல் தெஹ்ரானில் யஹ்யா மஹ்தவி இன்னும் கறாராகச் சலித்து, ஐயமற்றவை 131, ஐயத்துக்குரியவை 111 என்று பிரித்தார்.

இப்னு சீனாவின் ‘ஷிஃபா’ நூலின் இலாஹிய்யாத் பகுதி 1960-ல் கெய்ரோவில் பதிப்பானபோது முதல் தொகுதியை அனவாத்தியும் ஸயீத் ஸாயிதும் பதிப்பித்தார்கள். இரண்டாம் தொகுதியில் ஸாயிதோடு அஸ்ஹர் அறிஞர்களான முஹம்மது யூசுஃப் மூஸாவும் சுலைமான் துன்யாவும் சேர்ந்தார்கள். மேற்பார்வை இப்ராஹீம் மத்கூர். ஒரே நூலின் ஒரு பாதி துறவியின் கையில், மறு பாதி ஷெய்குகளின் கையில். உரையாடல் என்று பெயர் வைக்காமலே நடந்த இந்த உரையாடல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கார்தே – அனவாத்தி அறிமுக நூலும் 1967 முதல் பெய்ரூத்தில் மூன்று தொகுதிகளாக அரபியில் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் ஷெய்க் ஸுப்ஹி ஸாலிஹ், பாதிரியார் ஃபரீத் ஜப்ர்.

மறுபடி சங்கத்துக்கு வருவோம். இஸ்லாத்தைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்க்கலாம் என்பதில் மூன்று போக்குகளை அனவாத்தி பிரித்துக் காட்டுவார். ஒன்றும் ஒப்புக்கொடுக்காத போக்கு ஒரு முனை. பிரெஞ்சு இஸ்லாமியவியலாளர் லூயி மஸிஞ்ஞோனின் வழியில் ஆபிரகாமிய உறவை முழுதாக ஏற்கும் போக்கு மறு முனை. அனவாத்தி நின்றது நடுவில். சங்க ஏடுகளிலும் அந்த இழுபறி தெரிகிறது. திருச்சபையைப் பற்றிய சங்க ஏடான ‘லூமன் ஜென்சியும்’ வரைவு ஒன்றில் ‘இஸ்மாயீலின் மக்கள்’ என்றிருந்தது. 1964-ல் ஏற்கப்பட்ட பாடத்தில் அது போய், ‘ஆபிரகாமின் நம்பிக்கையைக் கொண்டிருப்பதாக அறிக்கையிடுபவர்கள்’ என்றானது. வம்சாவளியை எழுதினால் வரலாற்றுச் சான்று கேட்பார்கள். அவர்களே சொல்லிக்கொள்வதை எழுதினால் யாரும் மறுக்க முடியாது. நோஸ்த்ரா ஏத்தாத்தேயின் மூன்றாம் பிரிவும் இதே கவனத்தோடு ‘மனிதரிடம் பேசியவர்’ என்கிறது, யார் வழியாக என்று சொல்லவில்லை. தொழுகை, தர்மம், நோன்பு உண்டு. ஷஹாதாவும் (நம்பிக்கை மொழிதல்) ஹஜ்ஜும் இல்லை. ஈசாவும் (இயேசு) மர்யமும் (மரியா) உண்டு; முஹம்மது நபி இல்லை, குர்ஆனும் இல்லை. 2221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் விழுந்த முழு அறிக்கைக்கும் சேர்த்தே இதைச் சொல்லலாம்: ஒப்புக்கொள்ள முடிந்த இடம் வரை போய் நின்றுவிட்டது. விடுபட்டது மறதியால் அல்ல என்பது முஸ்லிம் வாசகருக்கும் தெரியும்.

ஷிஃபாவின் இலாஹிய்யாத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் முதல் ஐந்து மகாலாக்களை (பகுதிகளை) அனவாத்தி 1978-ல் வெளியிட்டார். ஆறு முதல் பத்து வரை 1985-ல் வந்தன. அப்போது அவருக்கு வயது 80. பத்தாம் மகாலாவில் இப்னு சீனா எடுத்துக்கொள்ளும் பொருள், மனிதர் கூடி வாழ ஒரு நபி ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பது.