தையல் பிரித்தாச்சு, வலி மட்டும் போகவில்லை

தொடையிடுக்கில் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் தையல் பிரித்ததும், வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது. படுத்துக் கிடப்பவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. தோல் மூடிவிட்டாலும் உள்ளே ஆறுவதற்கு நாள் பிடிக்கும். 3 வாரத்தில் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வந்திருந்தாலே பெரிது. 3 மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும், அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அதனால் நாலாவது வாரம் இருமும்போது சுருக்கென்று பிடித்தால் "ஆபரேஷன் சரியில்லையோ" என்று பயப்பட வேண்டாம்.

முதல் வாரத்தில் பலரும் செய்யும் தப்பு, வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவது. பாராசிட்டமால் 650 எழுதிக் கொடுத்திருந்தால், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் 6 மணி நேரத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் இருமமாட்டார், நடக்கமாட்டார். சளி கட்டும், மலம் இறுகும், முக்கினால் வலி இரட்டிப்பாகும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அளவு குறையும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் டைக்ளோபினாக் வேண்டாம். வயிற்றுப்புண், பிரஷர், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டிரமடால் கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். மட்டி வாழைப்பழமும் தண்ணீரும் உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

எழும்பும்போது நேராக நிமிரக் கூடாது. முட்டியை மடக்கி, உடம்பு மொத்தமாக ஒரு பக்கம் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழும்ப வேண்டும். இருமல் வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். முதல் 2 வாரம் குத்தவைத்து உட்காரும் கக்கூஸ் கஷ்டம். நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்று கிடைத்தால் நல்லது.

மூன்றாம் நாள் வாக்கில் விரைப்பை கருநீலமாக மாறினால் ஆளே நடுங்கிப்போவார். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். இறுக்கமான உள்ளாடை போட்டுத் தாங்கிப் பிடித்தால் 2, 3 வாரத்தில் மஞ்சளாகி மறையும். தையலுக்கு அடியில் மெத்தென்று ஒரு வீக்கம் வந்தால் 'ஹெர்னியா திரும்ப வந்துவிட்டது' என்று தோன்றும். பெரும்பாலும் அது தேங்கிய நீர். இருமினால் பெரிதாகாது, படுத்தால் உள்ளே போகாது. சில வாரத்தில் தானே வற்றும். பிதுக்கவோ ஊசியால் குத்தவோ செய்தால் ஹெர்னியா ஓட்டையை அடைக்க உள்ளே வைத்திருக்கும் செயற்கை வலைக்குக் கிருமி போகும், பிறகு வலையையே எடுக்க வேண்டி வரலாம். எந்த வீக்கமானாலும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தையலைச் சுற்றிச் சிவப்பு தெரிந்தால் பால்பாயின்ட் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு, நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் 100.4 தாண்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், வீக்கம் கல்லாகி வாந்தி வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நம் ஊர் வேர்வையும் மழை ஈரமும் தொடையிடுக்குக் காயத்துக்கு எதிரி. குளித்ததும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மஞ்சள், காப்பிப்பொடி, பவுடர் எதுவும் மேலே தூவ வேண்டாம். ஆறு, குளம், கடல், திற்பரப்பு அருவி எல்லாம் காயம் முழுக்க மூடிய பிறகுதான். வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவ ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கைகாலுக்கு எப்படியோ போகட்டும், வலை வைத்த இடத்தில் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் யாரையும் அமுக்க விடாதீர்கள்.

சாப்பாடுதான் பெரிய சண்டை. "மீனும் முட்டையும் தின்னப்பிடாது மக்களே, சீழ் கட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கஞ்சியும் துவையலுமாக நிறுத்திவிடுவார்கள். ஆறாத புண்ணுக்கு இந்தப் பத்தியமும் ஒரு காரணமாகலாம். புதுச்சதை கட்டப் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம். மரச்சீனிக் கிழங்கு 100 கிராமில் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. 2 முட்டை 12 கிராம், 150 கிராம் சாளையோ அயிலையோ 30 கிராம், 50 கிராம் சிறுபயறு 12, பாலும் தயிருமாக 300 மில்லி 10, மிச்சத்தைச் சோறும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். கிழங்கு வேண்டுமென்றால் மீன்குழம்போடு சாப்பிடுங்கள், யார் தடுத்தது? ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் வைட்டமின் சி. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. சர்க்கரை ஏறிக் கிடந்தாலும், பீடியை விடாவிட்டாலும் எத்தனை முட்டை தின்றும் புண் மெதுவாகத்தான் ஆறும். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

இனி, போகாத வலி. 3 மாதம் தாண்டியும் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்பார்கள். டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "வலிக்கு சார்" என்பதோடு நிறுத்தினால் பழைய மாத்திரையே திரும்ப வரும். ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்: 'காலை 7 மணி. சாரத்தின் (கைலி) மடிப்பு உரசியதும் தீப்பட்ட மாதிரி எரிச்சல். தொடை உள்பக்கம் வரை. வலி பத்துக்கு 6. படுத்ததும் 3.' இதைப் படித்ததும் இது தசை வலி இல்லை, நரம்பு வலி என்று அவருக்குப் புரியும். அறுத்த இடத்தில் 3 நரம்புகள் ஓடுகின்றன, ஏதாவது ஒன்று தழும்பில் சிக்கியிருக்கலாம். இதற்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைகள் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றப்படும், பலன் தெரிய வாரங்கள் ஆகும். தலைசுற்றும், தூக்கம் வரும். அந்த நாட்களில் வள்ளத்தில் ஏறாதீர்கள், தென்னையிலும் ஏறாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் மரத்துப்போகும் ஊசியை அந்த நரம்பருகே போடுவார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புண் முழுக்க மூடிய பிறகு, பஞ்சால் தழும்பின் மேல் 5 நிமிடம் வருடுங்கள், தினமும் 3 வேளை. கூச்சம் குறைந்ததும் மல் துணி, பிறகு துவர்த்து (துண்டு). சும்மா தொட்டாலே கத்தும் நரம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். அவசரப்பட்டு முதல் நாளே துவர்த்தால் தேய்த்தால் ஒரு வாரம் பின்னால் போவீர்கள்.

பிசியோதெரபிக்கு பஸ் ஏறிப் போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்வார்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாரம் தூக்குவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் என்பார்கள். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, தண்ணீர்க் குடம் 15 கிலோ, இரண்டுமே பாரம்தான். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் கால்வாசி மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலைப் பாதி வாளியாக இரண்டு நடையில் எடுங்கள். மறுநாள் காலை வலி முந்தின நாளைவிடக் கூடுதலாக இருந்தால், அன்றைக்கு மரத்தைக் குறையுங்கள்.