வெற் நைட்ரஸா, ட்ரை நைட்ரஸா? முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள்

என்ஜினின் வலுவைக் கூட்டக் காருக்கு நைட்ரஸ் (நைட்ரஸ் ஒட்சைட்டு வாயு) பூட்ட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "வெற் நல்லதா, ட்ரை நல்லதா" என்றுதான். மேலதிகப் பெற்றோலை எது கொடுக்கப் போகிறது என்று கேட்டால் பாதி விடை தானாகவே வந்துவிடும். நைட்ரஸ் எரிபொருள் அல்ல. அதன் நிறையில் 36 வீதம் ஒட்சிசன். காற்றில் 23 வீதந்தான். சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அது பிரிந்து ஒட்சிசனை விடும். அந்த ஒட்சிசனுக்கு ஈடான பெற்றோல் வந்து சேராவிட்டால் பிஸ்டனின் தலை உருகும்.

வெற் செற்றில் இரண்டு சொலனோயிட், அதாவது மின்னில் திறக்கும் வால்வு. ஒன்று நைட்ரஸுக்கு, மற்றது பெற்றோலுக்கு. இரண்டும் ஒரே நொசிலால் (தெளிக்கும் மூக்கால்) சேர்ந்து பாயும். ட்ரை செற்றில் நைட்ரஸ் மட்டும் பாயும். பெற்றோலைக் காரின் சொந்த இன்ஜெக்டர்கள் (பெற்றோல் தெளிப்பான்கள்)தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நிசானின் எஸ்.ஆர்.20 போன்ற என்ஜின்களில் காற்றுக் குழாயில் சூடான கம்பிச் சென்சர் இருக்கிறது. அதற்கு முன்னால் நொசிலை வைத்தால் குளிர்ந்த நைட்ரஸ் கம்பியைக் குளிர்த்தும். கூடுதல் காற்று வருவதாகக் கணித்து ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெற்றோலைக் கூட்டும். யாழ்ப்பாணத்தில் ஓடும் ஹொண்டா சிவிக், டொயோட்டா ஸ்ரார்லெற் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது மனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயின்) அமுக்கத்தை அளக்கும் சென்சர். நைட்ரஸ் வந்தது அதற்குத் தெரியவே தெரியாது. ஈ.சி.யூ.வைத் திருத்தி எழுதாமல் இவற்றுக்கு ட்ரை பூட்டுவது என்ஜினைக் கொல்லும் வேலை. பழைய ஒஸ்ரின் ஏ40 மாதிரி, இன்ஜெக்டரே இல்லாத கார்பரேற்றர் கார்களில் ட்ரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது இன்ஜெக்டர் கணக்கு. ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை இறாத்தல் பெற்றோல் என்று வையுங்கள்; மணிக்கு ஒரு இறாத்தல் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.5 சீசீ. 110 குதிரைவலு தரும் நான்கு சிலிண்டர் என்ஜினில் 240 சீசீ இன்ஜெக்டர் நான்கு இருந்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 144 சீசீ கொடுக்கிறது. அது கொள்ளளவில் 60 வீதம். இதற்குமேல் 50 குதிரைவலு நைட்ரஸ் போட்டால் ஒவ்வொன்றும் இன்னும் 66 சீசீ கொடுக்க வேண்டும். மொத்தம் 210 சீசீ, 87 வீதத்துக்கு மேல். நான் 85ஐத் தாண்ட விடமாட்டேன். நைட்ரஸில் கலவையைச் சற்றுத் தடிப்பாக, ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 11.5க்கும் 12க்கும் இடையில் வைக்க வேண்டியிருப்பதால் உண்மையான தேவை இதைவிடவும் கூடும்.

இன்ஜெக்டரை மாற்றாமல் பெற்றோல் அமுக்கத்தைக் கூட்டிச் சமாளிக்கும் ட்ரை செற்களும் உண்டு. அமுக்கத்தை 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினாலும் பெற்றோல் 15 வீதந்தான் கூடும், ஏனென்றால் ஓட்டம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். மேலே சொன்ன காருக்கு 45 வீதம் வேண்டும். அதற்கு 6 பாருக்கு மேல் ஏற்ற வேண்டும். இருபது வருடப் பம்ப் அதைத் தாங்காது.

இதைக் கேட்டுவிட்டு வெற்றில் பயமில்லை என்று நினைக்கவும் கூடாது. இந்தக் கார்களின் மனிஃபோல்ட் காற்றுக்கு மட்டும் செய்தது. வளைவுகளில் பெற்றோல் சுவரில் ஒட்டித் தேங்கும். ஒரு சிலிண்டருக்குக் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். தேங்கியது பற்றினால் மனிஃபோல்டே வெடிக்கும். நொசிலைத் துரொட்டிலுக்கு (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டுக்கு) 4 முதல் 6 அங்குலம் முன்னால், நேரான பகுதியில் வையுங்கள். 3000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே திறக்காத, ரெவ் லிமிற்றர் (என்ஜின் சுழற்சி எல்லை மீறாமல் தடுப்பது) வேலை செய்வதற்குச் சில நூறு முன்னமே மூடும் விண்டோ சுவிச் கட்டாயம். லிமிற்றர் இன்ஜெக்டரை வெட்டிய பிறகும் நைட்ரஸ் பாய்ந்தால் ட்ரையில் பிஸ்டன் போகும், வெற்றில் மனிஃபோல்ட் போகும்.

இனி எங்கள் வெயில். போத்தலுக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கும். அதன் அமுக்கம் வெப்பநிலையோடு ஏறும். 30 பாகையில் ஏறத்தாழ 910 பீ.எஸ்.ஐ., 15 பாகையில் 650. வழக்கமாக ஜெற் (பாய்ச்சலின் அளவைத் தீர்மானிக்கும் துளைத் துண்டு) கணக்குப் போடுவது 900 முதல் 950க்குத்தான், ஆகவே இங்கே போத்தல் ஹீற்றருக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆனால் 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் திரவமாக நிற்காது. காண்டாவன வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டும். அந்த நிலையில் நொசிலால் எவ்வளவு வருகிறது என்று எந்த ஜெற்றை வைத்தும் சொல்ல முடியாது. அமுக்கம் ஏறினால் நைட்ரஸ் கூடும், வெற்றின் பெற்றோலோ 3 பாரிலேயே நிற்கும், கலவை மெலியும். இங்கே டியூன் பண்ணிய அதே காரை நுவரெலியாக் குளிருக்குக் கொண்டுபோனால் எதிர்மாறு: நைட்ரஸ் குறைந்து பெற்றோல் மிஞ்சும். போத்தலைக் கழற்றி நிழலில், ஈரச்சாக்குச் சுற்றி வையுங்கள். அமுக்க மானியைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி நிரப்பிய போத்தல் சூடேறினால் பாதுகாப்புத் தகடு உடையும். அதனால் வரும் வாயுவைக் காருக்கு வெளியே விடும் குழாய் இல்லாமல் காருக்குள் போத்தல் வைக்கவே கூடாது.

வெற் பூட்டி முடிந்ததும் போத்தலை மூடியபடியே என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, பெற்றோல் சொலனோயிட்டுக்கு மட்டும் ஒரு கணம் மின் கொடுங்கள். என்ஜின் திணறி அமுங்க வேண்டும். திணறவில்லை என்றால் பெற்றோல் வரவில்லை, நைட்ரஸைத் தொடாதீர்கள். பிறகு சுவிச்சை நிறுத்திவிட்டுப் போத்தலைத் திறவுங்கள். ஐட்லிங் கொஞ்சமாவது ஏறினால் நைட்ரஸ் சொலனோயிட் ஒழுகுகிறது. பெற்றோல் அமுக்கம் விழுந்தால், சொலனோயிட்டுகளுக்கு மின் கொடுக்கும் ரிலேயை வெட்டும் சுவிச் ஒன்றும் வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ரிலேயின் கால்களை மாதம் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, பெற்றோல் சொலனோயிட் மட்டும் திறக்காமல் போனால், என்ஜின் போக அந்த ஒரு ஓட்டமே போதும்.

என் முடிவு இது. ஈ.சி.யூ.வைத் தொடாத, சிறிய இன்ஜெக்டர் உள்ள கார் என்றால் வெற், 35 குதிரைவலு ஜெற்றோடு. பெரிய இன்ஜெக்டர், நல்ல பம்ப், எழுதக்கூடிய ஈ.சி.யூ., கலவையை அளக்கும் வைட்பான்ட் சென்சர் நான்கும் இருந்தால் ட்ரை. மனிஃபோல்டில் பெற்றோல் தேங்கும் பயமில்லை. எதுவானாலும் 95 ஒக்ரேன், 50 குதிரைவலுவுக்கு 2 பாகை இக்னிஷன் (பிளக்கின் தீப்பொறி) பின்னுக்கு, பிளக் இடைவெளி 0.8 மில்லிமீற்றர் அளவில். முதல் ஓட்டத்தை மூடிய தடத்தில் ஓடி, உடனே என்ஜினை நிறுத்தி, நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்றின் பீங்கானில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளி தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கும்வரை போத்தல் மூடியே இருக்கட்டும்.