பூவரசு நிற்கும் மட்டம்

மட்டக்களப்பு, கல்லடியில் வாவிக் கரையோரமாக இருக்கும் ஒரு வளவுக்குத் தோட்ட வடிவமைப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். வீதியோரத்தில் கடல் மட்டத்திலிருந்து 1.20 மீற்றர், வாவிக்கரையில் 0.30 மீற்றர், ஆக மொத்தச் சரிவே 90 சென்ரிமீற்றர்தான். இப்படியான காணிகளைச் சமதரை என்று எடுத்துக்கொண்டு மரம், நடைபாதை, வாங்கு, வடிகான் எல்லாவற்றையும் பூச்சிய மட்டத்தில் வரைந்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். மலைநாட்டில் 20 சென்ரிமீற்றர் பிழைத்தால் ஒரு படியைக் கூட்டிச் சமாளிக்கலாம். இங்கே அதே 20 சென்ரிமீற்றர் பிழைத்தால், மாரியில் வாவி ஏறி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டிவிடப்படும் வரை முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.

ஆகவே கணினியில் நிலப்பரப்பு மாதிரியை முதலில் ஒழுங்காக அமைத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்த எஸ்.ஆர்.ரி.எம். உயரத் தரவு இவ்வேலைக்கு உதவாது. அது 30 மீற்றருக்கு ஒரு புள்ளி வீதம் அமைந்தது. அதன் ராடார், தென்னந்தோப்பின் ஓலை உயரத்தையும் தரையோடு சேர்த்தே காட்டிவிடும். மட்டமானி வைத்து 5 மீற்றருக்கு ஒரு புள்ளியாக எடுத்த அளவுகளைத்தான் முக்கோண வலையாக்கினேன். அதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும்: பழைய நில அளவைப் படங்கள் கண்டவளை எனப்படும் பழைய ஆள்கூற்று முறையிலும் புதியவை 1999ஆம் ஆண்டின் முறையிலும் இருக்கும். கிழக்குக்கும் வடக்குக்கும் முன்னையதன் தொடக்கப் பெறுமானம் 200,000 மீற்றர், பின்னையதன் பெறுமானம் 500,000 மீற்றர். இரண்டையும் கவனியாமல் ஒரே கோப்பில் போட்டால் மரங்கள் ஓரிடத்திலும் தரை இரு திசையிலும் 300,000 மீற்றர் தள்ளியும் கிடக்கும்.

வடிவமைப்பு முடிந்த பிறகு, வளவின் வீதிப் பக்கத்துப் பாதியை 45 சென்ரிமீற்றர் கிறவல் போட்டு உயர்த்துவதென்று காணிக்காரர் தீர்மானித்தார். மாதிரியில் புதிய தரையை எழுப்பினேன். வாங்குகளும் நடவிருந்த மரங்களும் பழைய இடத்திலேயே, புதிய தரைக்குள் 45 சென்ரிமீற்றர் புதைந்து நின்றன. சிவில் த்ரீடி என்ற வரைபட மென்பொருளில் புளொக்குகளை, அதாவது மரம், வாங்கு போன்றவற்றின் குறியீடுகளை, தரைக்கு நகர்த்தும் கட்டளை, அந்த நேரத்துத் தரை உயரத்தை ஒருமுறை எழுதிவிட்டு விலகிக்கொள்ளும்; அதன் பிறகு தரைக்கும் மரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரெவிட் என்ற மற்ற மென்பொருளில் அப்படியல்ல: அதன் 2024ஆம் பதிப்பில் வந்த டொப்போசொலிட் என்ற தரைப் பொருளின் மேல் தாவரத்தை வைத்தால், அது தரையைப் பற்றிக்கொண்டு, தரை உயரும்போது தானும் உயரும்.

நான் அவசரத்தில் எல்லா மரங்களையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அதே கட்டளையை மறுபடியும் கொடுத்தேன். எல்லாம் அழகாக எழும்பி நின்றன. அச்செடுக்கும் முன்பு பக்கவாட்டு வெட்டுமுகத்தைப் பார்த்தபோதுதான், வளவில் ஏற்கெனவே நிற்கும் பெரிய பூவரசும் 45 சென்ரிமீற்றர் மேலே ஏறியிருந்ததைக் கண்டேன். வரைபடத்தில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் அதன்படி வேலை நடந்தால் அந்த மரத்தின் அடிமரம் முழங்கால் அளவுக்குக் கிறவலுக்குள் போகும், வேருக்குக் காற்றுக் கிடையாது, மரம் உடனே சாகாமல் ஓரிரு வருடங்களில் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வரும்.

ஒரு பொருளைத் தரையோடு இணைப்பதற்கு முன், எந்தத் தரையோடு என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்று அன்று என் வேலை முறையை மாற்றினேன். நிற்கும் மரம் இன்றைய தரைக்கு உரியது. அந்தத் தரையின் மாதிரியை நான் இப்போது தொடுவதே இல்லை. புதிய மரமும் வாங்கும் நாளைய தரைக்கு உரியவை. இவற்றை வெவ்வேறு லேயர்களில் (வரைபட அடுக்குகளில்) வைத்திருப்பதால், தரை மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தந்த லேயரை மட்டும் தெரிவுசெய்து கட்டளையைக் கொடுக்கிறேன்.

நடைபாதையும் வடிகானும் வேறு வகை. அவை தரையின் மேல் இருப்பவையல்ல, தரையை உண்டாக்குபவை. 40 மீற்றர் வடிகானுக்கு 200க்கு 1 என்ற சரிவில் 20 சென்ரிமீற்றர் இறக்கம் வேண்டும். அதன் அடிமட்டக் கோட்டைத் தரையோடு ஒட்டவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கி, இடையிடையே தண்ணீர் தேங்கும். ஆகவே அதன் சரிவை நான் கொடுக்கிறேன், அக்கோட்டிலிருந்து நாளைய தரை உருவாகிறது. அதே கோட்டின் உயரத்தை மறுபடியும் நாளைய தரையிலிருந்தே எடுக்கச் சொன்னால் ஒன்றையொன்று துரத்தும் வளையமாகிவிடும். பழைய தரையைப் பின்பற்றிப் போகவேண்டிய பாத்தி விளிம்புகளை மட்டும், இடைப்புள்ளிகளையும் சேர்த்துத் தரையோடு இணைக்கிறேன். இரண்டு முனைகளை மாத்திரம் இணைத்தால் கோடு நடுமேட்டை ஊடறுத்துப் போய்விடும்.

பூவரசைச் சுற்றி இப்போது 1.5 மீற்றர் ஆரத்தில் ஒரு கருங்கல் வளையம் வரைந்திருக்கிறேன். உள்ளே பழைய தரை 0.85 மீற்றர், வெளியே புதிய தரை 1.30 மீற்றர். அந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்காமலிருக்க ஒரு குழாய் வேண்டும். வடிகானின் அடி அவ்விடத்தில் 0.70 என்று மாதிரி காட்டியதால், குழாய்க்கு 15 சென்ரிமீற்றர் இறக்கம் கிடைக்கிறது.

போன கிழமை படத்தை வளவில் விரித்தபோது மேசன் கேட்டார்: "தம்பி, இந்த மரத்துக்கு ரெண்டு மட்டம் போட்டிருக்கீங்க, எதைப் பிடிக்கிற?"

"ரெண்டையும்தான் அண்ணன். கல்லுக்கு உள்ளுக்க ஒண்டு, வெளியில ஒண்டு."

அவர் வளையத்தின் கோட்டில் ஒரு முளை அடித்து, அதில் 0.85க்கு ஒரு கீறும் 1.30க்கு ஒரு கீறும் போட்டு, மேல் கீறில் நூலைக் கட்டினார்.