ஒபாமாகேர் சண்டை உங்கள் பிரீமியத்தில் எங்கே இறங்குகிறது

2010 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு (இதைத்தான் ஒபாமாகேர் என்கிறார்கள்), இறுதி வாக்கெடுப்புகளில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட ஆதரவு தரவில்லை. செனட், பிரதிநிதிகள் சபை இரண்டிலும் இதே கதைதான். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. சட்டத்தையே ஒழிக்க நடந்த பெரிய முயற்சிகள் தோற்றுவிட்டன. 2017 ஜூலை 28 அதிகாலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் எதிர்த்து வாக்களித்ததால் 49க்கு 51 என்று விழுந்த மசோதாதான் வாக்கெடுப்பு வரை போன கடைசிப் பெரிய முயற்சி. தொலைக்காட்சியில் இதைத்தான் காட்டினார்கள். ஆனால் குடும்பங்களின் பணத்தைத் தொட்டது இந்தப் பெரிய வாக்கெடுப்புகள் அல்ல. பட்ஜெட் மசோதாக்களுக்குள் செருகிய ஒரு வரி, நிர்வாகம் நிறுத்தி வைத்த ஒரு பட்டுவாடா, நீட்டிக்காமல் விட்ட ஒரு மானியம், இவைதான் தொட்டன. அதனால் கட்சிப் பேச்சை விட்டுவிட்டு விதிகளைப் பார்ப்போம்.

சட்டத்தின் அடிப்படை, அடுப்புக்கு மூன்று கல் வைத்த மாதிரி. ஒன்று: ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் யாரையும் ஒதுக்கக் கூடாது, அவரிடம் கூடுதல் பிரீமியமும் வாங்கக் கூடாது. வயதில் மூத்தவரிடம் வாங்குவது இளையவரிடம் வாங்குவதைப் போல் 3 மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு: எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம். மூன்று: கட்ட முடியாதவர்களுக்கு மானியம், மிகவும் ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடு. முதல் கல்லை மட்டும் வைத்தால் நோய் வந்த பிறகுதான் ஆட்கள் சேருவார்கள், பிரீமியம் ஏறும், ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்வார்கள், மறுபடியும் ஏறும். அதனால்தான் மற்ற இரண்டும்.

இரண்டாவது கல்லின் மேல்தான் முதல் வழக்கு. 2012இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அபராதத்தை ஒரு வரியாகக் கருதி அனுமதித்தது. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. அதுவரை ஆளுக்கு 695 டாலர் அல்லது குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வருமானத்தில் 2.5 சதவீதம், இதில் எது பெரிதோ அது. (கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகியவை தாங்களாகவே அபராதம் வைத்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் 'அபராதம்தான் போய்விட்டதே' என்று காப்பீடு இல்லாமல் இருந்துவிட வேண்டாம்.) அபராதம் போனால், தனிநபர்கள் காப்பீடு வாங்க இந்தச் சட்டம் அமைத்த சந்தையே (மார்க்கெட்பிளேஸ்) சரியும் என்று பலர் சொன்னார்கள். சரியவில்லை. காரணம் மூன்றாவது கல். மானியம் வாங்குபவர் தன் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் கட்டுகிறார். பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் மிச்சம் அரசின் தலையில். ஏற்றத்தின் முழு அடியும் மானியம் கிடைக்காதவர்களுக்கு: சொந்தத் தொழில் செய்பவர்கள், 65 வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள், காப்பீடு தராத சிறு நிறுவனங்களில் ஓரளவு நல்ல சம்பளம் வாங்குபவர்கள். குடியரசுக் கட்சியினர் இவர்களைக் காட்டித்தான் 'இந்தச் சட்டம் நடுத்தர வர்க்கத்தை நசுக்குகிறது' என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தச் சட்டத்துக்காக வாதாடுவது நேர்மையாகாது.

மானியக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் சண்டை எதைப் பற்றியது என்று புரியும். சந்தைத் திட்டங்களுக்கு பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று உலோகப் பெயர்கள் உண்டு. உங்கள் பகுதியில் உங்கள் வயதுக்குக் கிடைக்கும் சில்வர் திட்டங்களில் இரண்டாவது மலிவானது எதுவோ, அதுதான் அளவுகோல். அதன் ஆண்டு பிரீமியத்திலிருந்து, உங்கள் வருமானத்துக்கு விதித்த பங்கைக் கழித்தால் வருவது மானியம். அந்தத் தொகையை எந்த உலோகப் பெயர் கொண்ட திட்டத்துக்கும் பயன்படுத்தலாம்.

2026ஆம் ஆண்டுக்கு, தனி ஆளுக்கான வறுமைக்கோட்டு வருமானம் 15,650 டாலர். அதன் 400 சதவீதம், அதாவது 62,600 டாலர், மானியத்தின் எல்லை. எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவரின் பங்கு வருமானத்தில் 9.96 சதவீதம். 60 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அளவுகோல் திட்டம் மாதம் 1,200 டாலர், ஆண்டுக்கு 14,400 என்று வைப்போம். வருமானம் 62,000 என்றால் அவர் பங்கு சுமார் 6,175, மானியம் 8,225. வருமானம் 63,000 என்றால் மானியம் பூஜ்யம், முழு 14,400உம் அவரே கட்ட வேண்டும். ஆயிரம் டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு எட்டாயிரத்துக்கு மேல் இழப்பு. படிப்படியாகக் குறைய வேண்டிய மானியம் ஒரே இடத்தில் செங்குத்தாக விழுகிறது. 27 வயதுக்காரருக்கு இது அவ்வளவாக உறைக்காது. அவருடைய அளவுகோல் பிரீமியமே மாதம் 450, ஆண்டுக்கு 5,400 என்றால், எல்லையைத் தொடும் முன்பே மானியம் தானாகக் கரைந்து பூஜ்யம் ஆகியிருக்கும். 50க்கும் 64க்கும் இடையில் இருப்பவர்கள்தான் விழுந்து அடிபடுகிறார்கள்.

2021இல் ஜனநாயகக் கட்சி இந்தச் சரிவைச் சமன்படுத்தியது. 400 சதவீத எல்லையை எடுத்துவிட்டு, யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றார்கள். மேலே சொன்ன 63,000 டாலர்காரர் அப்போது 5,355 டாலர்தான் கட்டியிருப்பார். நல்ல திருத்தம். ஆனால் பட்ஜெட் கணக்கில் செலவைக் குறைத்துக் காட்டுவதற்காகத் தற்காலிகமாகவே கொண்டுவந்தார்கள். 2022இல் நீட்டியபோதும் 2025 கடைசி வரைதான். நிரந்தரமாக்காமல் விட்டது ஜனநாயகக் கட்சியின் முடிவு. நீட்டிக்க மறுத்தது குடியரசுக் கட்சியின் முடிவு. பிரீமியமே இல்லாத திட்டங்களில் சில ஏஜென்ட்டுகள் ஆளுக்கே தெரியாமல் பெயரைச் சேர்த்துக் கமிஷன் வாங்கினார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அது நடந்ததுதான். ஆனால் அதற்குத் தண்டனை ஏஜென்ட்டுக்கு விழ வேண்டும், 60 வயதுக்காரருக்கு அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு முடங்கிக் கிடந்ததற்கு நடுவில் இருந்த விவகாரம் இந்த மானியம்தான். முடக்கம் தீர்ந்தது, மானியம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துபோனது.

எல்லைக்குச் சற்று மேலே இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கே வருமானம் என்பது கையில் வாங்கும் சம்பளம் அல்ல. வரிக் கணக்கில் சில கழிவுகள் போனபின் நிற்கும் தொகை, அதோடு வரியில்லா வட்டி, சோஷியல் செக்யூரிட்டியின் வரியில்லாப் பகுதி, வெளிநாட்டில் சம்பாதித்து விலக்குப் பெற்ற தொகை ஆகியவற்றைச் சேர்த்தது. 2026 முதல் சந்தையில் விற்கும் எல்லா பிரான்ஸ் திட்டங்களோடும் எச்.எஸ்.ஏ. கணக்கு (மருத்துவச் செலவுக்கு வரிவிலக்கோடு சேமிக்கும் கணக்கு) வைத்துக்கொள்ளலாம். தனி ஆளுக்கு ஆண்டு வரம்பு 4,400 டாலர், 55 வயது ஆனவருக்கு மேலும் 1,000. 63,000 டாலர்காரர் பிரான்ஸ் திட்டம் எடுத்து எச்.எஸ்.ஏ.வில் 1,000 போட்டால் கணக்கு வருமானம் 62,000 ஆகி, 8,225 டாலர் மானியம் திரும்பி வரும். வரிக் கழிவு கிடைக்கும் மரபான ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கும் இதே வேலையைச் செய்யும். வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் கணக்கு செய்யாது. எச்.எஸ்.ஏ., மரபான ஐ.ஆர்.ஏ. இரண்டுக்குமே மறு ஆண்டு ஏப்ரல் 15 வரை பணம் போட அவகாசம் இருக்கிறது என்பதால், டிசம்பரில் எதிர்பாராமல் வருமானம் ஏறினாலும் சரிசெய்ய வழியுண்டு.

வருமானத்தைக் கணிப்பதில் எச்சரிக்கை முன்பைவிட இப்போது அதிகம் தேவை. மானியத்தை மாதாமாதம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பிறகு வருமானம் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டால், வரி தாக்கல் செய்யும்போது 8962 படிவத்தில் கணக்குத் தீர்க்க வேண்டும். முன்பெல்லாம் எல்லைக்குக் கீழே இருப்பவர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த வரம்பை 2026ஆம் வரி ஆண்டிலிருந்து எடுத்துவிட்டது. கூடுதலாக வாங்கியது முழுவதும் திரும்பப் போகும். வருமானம் மாறினால் ஆண்டின் நடுவிலேயே சந்தைத் தளத்தில் போய்த் திருத்துங்கள், ஏப்ரல் வரை வைத்திருக்காதீர்கள்.

2017 அக்டோபரில் நடந்ததும் தெரிந்திருக்க வேண்டியது. வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் சில்வர் திட்டம் எடுத்தால், டிடக்டிபிளையும் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கோ-பேயையும் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாம் கட்டும் பங்கு) நிறுவனம் குறைத்துத் தர வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஈடாக நிறுவனங்களுக்கு அரசு பணம் கொடுத்துவந்தது. டிரம்ப் நிர்வாகம் அதை நிறுத்தியது. குறைத்துத் தரும் கடமை மட்டும் அப்படியே நின்றது. நிறுவனங்கள் அந்தச் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் சில்வர் பிரீமியத்தின் மேல் ஏற்றின. அளவுகோலே சில்வர் அல்லவா, அது ஏறியதும் மானியமும் கூடவே ஏறியது. விளைவு, மானியம் வாங்கும் பலருக்கு பிரான்ஸ் இலவசமானது, சில இடங்களில் கோல்டு திட்டம் சில்வரைவிட மலிவானது. சந்தையை ஆட்டும் என்று நினைத்த அடி அரசின் செலவைத்தான் கூட்டியது. இன்றைக்கும் இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: தனி ஆளுக்கு 31,300 டாலருக்கு, அதாவது வறுமைக்கோட்டின் 200 சதவீதத்துக்கு, கீழே வருமானம் என்றால் பெரும்பாலும் சில்வர்தான் லாபம். அதற்கு மேலே என்றால் கோல்டு விலையைப் பார்க்காமல் சில்வரைச் சொடுக்காதீர்கள்.

மெடிகெய்ட் பக்கம் நிலைமை இன்னும் மோசம். வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் மெடிகெய்டில் சேர்க்க வேண்டும் என்றுதான் சட்டம் எழுதினார்கள். அதனால் 100 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சந்தை மானியமே வைக்கவில்லை, தேவைப்படாது என்ற நினைப்பு. 2012 தீர்ப்பு மெடிகெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தந்தும் டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா உட்பட 10 மாநிலங்கள் முழு விரிவாக்கத்தை இன்னும் ஏற்கவில்லை. டெக்சாசில் குழந்தை இல்லாத, உடல் ஊனமில்லாத தனி ஆள் ஆண்டுக்கு 14,000 டாலர் சம்பாதித்தால் மெடிகெய்டும் கிடையாது, மானியமும் கிடையாது. அவரே 15,650 சம்பாதித்தால் அளவுகோல் திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து சுமார் 329 டாலர்தான் அவர் பங்கு. ஏழைக்கு இல்லை, அவரைவிடச் சற்று வசதியானவருக்கு உண்டு. இந்த ஓட்டை எல்லோருக்கும் தெரியும். அடைக்கத்தான் சட்டமன்றங்களில் வாக்கு கிடைக்கவில்லை. மெய்ன், மிசோரி, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா போன்ற இடங்களில் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பல குடியரசுக் கட்சியின் கோட்டைகள்.

அடுத்து வருவது, 2025 ஜூலை 4 சட்டம் கொண்டுவந்த வேலை நிபந்தனை. விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்ததை நிரூபிக்க வேண்டும். மாநிலங்கள் 2027 ஜனவரி 1க்குள் தொடங்க வேண்டும். 13 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோர், கர்ப்பிணிகள், கடும் நோயுள்ளவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. நிபந்தனையில் தவறி மெடிகெய்டை இழந்தவருக்குச் சந்தை மானியமும் கிடைக்காது. 2018இல் ஆர்கன்சா இதை முயன்றபோது சில மாதங்களில் 18,000க்கு மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். முதலில் கணக்கை இணையத்தில்தான் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அந்தத் தளமும் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடிக் கிடந்தது. பகல் முழுவதும் வேலையில் இருப்பவர் வேலை செய்கிறேன் என்று எப்போது பதிவது? சம்பளச் சீட்டுகளை இப்போதிருந்தே மாதவாரியாக எடுத்து வையுங்கள். மாநிலம் அனுப்பும் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் இரண்டு மாற்றங்கள் அதே 2025 சட்டத்தில் இருக்கின்றன. கிரீன் கார்டில் அண்மையில் வந்த அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 5 ஆண்டுகள் மெடிகெய்ட் கிடையாது, மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை விலைக்கு வாங்கவும் 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வருமானம் 100 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இப்படிப்பட்டவர்களுக்குச் சந்தை மானியம் தந்த விதிவிலக்கு 2026 ஜனவரி 1 முதல் போய்விட்டது. பிள்ளைகளின் வரிக் கணக்கில் அவர்களைச் சார்ந்தவராகக் காட்டினால் பிள்ளைகளின் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும் என்பதால், எப்படித் தாக்கல் செய்வது என்பதை வரி ஆலோசகரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரண்டாவது, 2027 முதல் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குச் சந்தை மானியமே கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களும் இன்னும் ஓரிரு பிரிவினரும் மட்டும்தான் பெறலாம். வேலை போனால் 60 நாட்களுக்குள் சந்தையில் சேரும் உரிமை விசாக்காரருக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் முழு விலை கொடுத்துத்தான். கோப்ரா (பழைய நிறுவனத்தின் காப்பீட்டை நம் செலவில் தொடரும் வழி) விலையையும் சந்தை விலையையும் அந்த 60 நாளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு ஏற்கெனவே டிடக்டிபிள் கட்டி முடித்திருந்தால் கோப்ராவே மலிவாக முடியலாம், ஏனென்றால் புதிய திட்டத்தில் அது முதலிலிருந்து தொடங்கும்.

சேரும் காலமும் சுருங்குகிறது. 2027ஆம் ஆண்டுத் திட்டங்களுக்கு மத்திய அரசின் தளத்தில் நவம்பர் 1 முதல் டிசம்பர் 15 வரைதான். முன்பு போல ஜனவரி 15 வரை அவகாசம் இல்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், நவம்பரிலேயே வருமான மதிப்பீட்டைத் திருத்திவிட்டு விலைகளை ஒப்பிடுங்கள். போன ஆண்டின் அளவுகோல் திட்டம் இந்த ஆண்டும் அளவுகோலாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.